படமில்லாத டெலிவிஷன்

டெலிவிஷன் என்பது கண்ணுக்காக ஏற்பட்ட சாதனம். அந்தப் பெட்டியின் முன்னால் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "தூக்கம் வந்தால் போய்ப் படுத்துக்கொள்ளேன்!" என்றுதான் வீட்டிலுள்ளவர்கள் சொல்லுவார்கள். ஆனால் டெலிவிஷனைக் காதினால் மட்டுமே அனுபவித்து, அதிலே பரமானந்தம் கண்ட ஒரு கூட்டம் உலகத்தில் இருந்திருக்கிறது. பக்கத்து ஊர் நிலையம் அவர்களுக்கு வேண்டியதில்லை. அது குறுக்கே வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால், மூவாயிரம் மைலுக்கு அப்பால், சில சமயம் பூமியின் மறு பக்கத்தில், யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்துக்கென்று அனுப்பப்பட்ட பேச்சு, தங்களுடைய ரேடியோ ஸ்கானரில் இரைச்சலுக்கு நடுவே இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டால் போதும். அன்று அவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

இதில் என்ன பிரமாதம் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். விஷயத்தை விசாரித்த பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே ஓயாமல் நடந்துவரும் ஒரு பெரிய விவகாரத்தை, ஒரு சிறு பெட்டியைத் துணையாக வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் குறித்து வைத்தவர்கள் அவர்கள். அந்த விவகாரம் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்பதற்குக் குரல்தான் இல்லாமற் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

1936-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி, லண்டன் மாநகரின் வடக்கே ஒரு குன்றின்மேல் இருக்கும் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. ஸ்தாபனத்தார் முறையாக டெலிவிஷன் நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் பேர்டு என்பவருடைய முறை ஒரு வாரம், எதிர்க் கம்பெனியாருடைய 405 கோட்டு முறை ஒரு வாரம் என்று போட்டி நடந்து, 1937 பிப்ரவரியில் 405 கோட்டு முறையே நிலைத்தது. படம் 45 மெகாஸைக்கிளில் சென்றது, ஓசை 41.5 மெகாஸைக்கிளில் தனியாகச் சென்றது. அந்நாளில் மெகாஸைக்கிள் என்றதைத்தான் இன்று மெகாஹெர்ட்ஸ் என்கிறோம். விநாடிக்குப் பத்து லட்சம் அதிர்வு என்று பொருள். இத்தகைய அலைகள் நேர்க்கோட்டில் செல்லுபவை, அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் போகாதவை. ஆகவே சுற்றிலும் 25 மைல் தூரம் எட்டினால் அதுவே போதும் என்று எஞ்ஜினியர்கள் கணக்குச் சொன்னார்கள். லண்டன்வாசிகளைப் பொறுத்த வரையில் கணக்குத் தப்பவில்லை. ஆனால் சூரியனை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை!

சாதாரண ரேடியோவில் அயல்நாட்டு நிலையங்கள் கேட்பதன் காரணம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நமது தலைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரையில், சூரிய கிரணங்களால் மின்சாரம் ஏறிய காற்றடுக்குகள் சில இருக்கின்றன. இவை இருப்பதைப் பரிசோதனையால் நிலைநாட்டியவர் ஆப்பிள்டன். 1924 டிசம்பரில், பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையத்திலிருந்து வந்த அலையை ஆக்ஸ்போர்டில் பிடித்து, நிலத்தோடு வந்த அலையும் மேலே போய்த் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று மோதுவதைக் கொண்டு அவர் அதைக் கண்டார். 1947-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பாட்டும் பேச்சும் அனுப்புவதற்கென்று கட்டிய ஒரு நிலையத்தையே ஆகாயத்தை அளக்கும் கோலாக உபயோகித்தார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்லப்போகும் கூட்டத்தாரும் அதையே செய்தார்கள்.

இந்த அடுக்குகளில் மிகவும் மேலே இருப்பது 'எப்' அடுக்கு. குளத்தங்கரையில் நின்று ஓட்டாஞ்சில்லைச் செங்குத்தாகப் போட்டால் அது முழுகிவிடும். அதையே சாய்வாக, தண்ணீரை உரசினாற்போல் வீசினால் தத்தித் தத்திச் செல்லும். அலைகளும் அப்படித்தான். அடுக்கில் மின்சாரம் எவ்வளவு செறிந்திருக்கிறதோ அவ்வளவு உயர்ந்த அலை வரையில் அது தத்தவிடும்; அதற்கு மேற்பட்ட அலைகள் அடுக்கைத் துளைத்துக்கொண்டு சூன்யத்தில் போய்விடும். அந்த வரம்பு சாதாரண வருஷங்களில் 30 மெகாஸைக்கிளுக்குக் கீழேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் சூரியனுடைய முகத்திலே கரும்புள்ளிகள் பெருகும் காலம் ஒன்று ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. அப்பொழுது சூரியனிடமிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கிரணங்கள் அதிகரிக்கின்றன. 'எப்' அடுக்குத் தடிக்கிறது. வரம்பு 40, 45, 50 என்று ஏறுகிறது. அலெக்ஸாண்ட்ரா மாளிகையில் விளக்கேற்றிய சில மாதத்துக்கெல்லாம், அதாவது 1937-ல், அப்படிப்பட்ட ஓர் உச்சம் வந்து சேர்ந்தது.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறு கரையில், நியூயார்க்குக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டு என்னும் தீவில், ரிவர்ஹெட் என்ற ஊரிலே ஆர்.சி.ஏ. கம்பெனியாருக்கு ஒரு பெரிய வாங்கு நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்த காடர்டு என்ற எஞ்ஜினியர் லண்டன் டெலிவிஷன் அலைகள் வருகின்றனவா என்று கவனிக்கத் தொடங்கினார். வந்தன! 3,400 மைல் கடந்து வந்தன. 'எப்' அடுக்கில் ஒரே தத்தலில் போகக்கூடிய தூரம் சுமார் 2,500 மைல்தான். ஆகையால் நடுவே சமுத்திரத்தின்மேல் ஒரு முறை விழுந்து எழுந்துதான் அந்த அலை வந்திருக்க வேண்டும். குளிர்காலத்துப் பகல்களிலேதான் இது நடந்தது. லண்டனில் பிற்பகல் 3 மணிக்கு ஆரம்பிக்கும் நிகழ்ச்சி, நியூயார்க்கில் காலை 10 மணி. வழி நெடுகிலும் ஆகாயத்தில் சூரிய ஒளி பட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. லண்டனில் இரவு 9 மணிக்கு நடக்கும் நிகழ்ச்சிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதற்குள் ஐரோப்பாவின்மேல் இருள் கவிந்து அடுக்கு மெலிந்துவிடும்.

இங்கேதான் காதுக்கும் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வெளியாகிறது. லண்டனுடைய ஓசை 41.5-ல்; படம் 45-ல். ஆகாயத்தின் வரம்பு மெல்ல மெல்ல ஏறும்போது முதலில் 41.5-ஐத் தொடும். அன்று வரம்பு 43-லேயே நின்றுவிட்டால் ஓசை மட்டும் வரும், படம் வராது. படத்துக்கு வேறு ஒரு கஷ்டமும் உண்டு. படத்தின் அலை ஓசையைப் போல நூறு மடங்குக்கு மேல் அகலமான இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. அவ்வளவு அகலத்துக்குக் கதவைத் திறந்தால் அவ்வளவு இரைச்சலும் கூடவே உள்ளே நுழைகிறது. போதாக்குறைக்கு, தத்தி வரும் அலை ஒரே பாதையில் வருவதில்லை. இரண்டு பாதைகளுக்குள் 2 மைல் வித்தியாசம் இருந்தால், பின்னால் வரும் அலை ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு தாமதமாகிறது. காதுக்கு இது ஒரு பொருட்டா? ஆனால் 405 கோட்டுப் படத்தில் ஒரு முழுக் கோட்டை எழுத ஆகும் நேரமே அதைப் போலப் பத்து மடங்குதான். ஆகவே படத்தின் அகலத்தில் பத்திலொரு பங்கு தள்ளி அதே முகம் மறுபடியும் தெரியும்; மூன்றாவது பாதை இருந்தால் மூன்றாவது முகமும் தெரியும். ஒரு ராவணன் கிடைப்பதற்கு இன்னும் சில பாதைகளே பாக்கி.

இவ்வளவு இடைஞ்சலுக்கும் நடுவே, 1938 நவம்பரில் ஒரு நாள், ரிவர்ஹெட் நிலையத்தார் திரையில் தெரிந்ததை ஒரு சினிமாக் காமிராவினால் படம் பிடித்துவிட்டார்கள். சுமார் நான்கு நிமிஷம் ஓடும் படம். ஜாஸ்மின் பிளை, எலிஸபெத் கௌவல் என்ற இரண்டு அறிவிப்பாளப் பெண்மணிகள் அதிலே தோன்றுகிறார்கள். பழங்கால உடையில் ஏதோ ஒரு நாடகத்தின் காட்சியும் வருகிறது. உருவங்கள் நெளிகின்றன, மங்குகின்றன, மறைந்து திரும்புகின்றன. யுத்தத்துக்கு முன்பு லண்டனில் நேரடியாக ஒளிபரப்பப்பட்ட 405 கோட்டு நிகழ்ச்சிகளில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த நான்கு நிமிஷம் ஒன்றுதான். சொந்த ஊரில் அதைக் கண்டவர்கள் யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. மூவாயிரத்து நானூறு மைலுக்கு அப்பால், அழைப்பில்லாமல் எட்டிப் பார்த்தவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் ஒரு விபரீதம்: அந்தப் படம் ஊமைப் படம். சமுத்திரத்தைச் சுலபமாகக் கடந்துவந்த குரல் பதிவாகவில்லை. தட்டுத் தடுமாறி வந்த முகம் பதிவாகிவிட்டது.

1939 செப்டம்பர் 1-ந் தேதி, யுத்தம் வருகிறதென்று லண்டன் டெலிவிஷன் நிறுத்தப்பட்டது. ஆனால் தூரத்து டெலிவிஷனைப் பிடிக்கும் வித்தை நின்றுவிடவில்லை. ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1943 மே முதல் 1944 ஆகஸ்டு வரையில், ஐபல் கோபுரத்திலிருந்து அவர்கள் ஒரு டெலிவிஷன் நடத்தினார்கள். ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்த தங்கள் சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காக என்று ஏற்பாடு. இங்கிலாந்தின் தென்கரையில் பீச்சி ஹெட் என்னும் செங்குத்தான பாறையின்மேல் பிரிட்டிஷார் ஒரு விசேஷ ஏரியலை நட்டு, சுமார் 250 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நேச நாடுகளின் குண்டு வீச்சால் எங்கே எவ்வளவு சேதம் என்பதை, எதிரியே தன் செய்திப் படங்களில் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்! அடிவானத்தோடு அலை நின்றுவிடும் என்ற நம்பிக்கையினால் வந்த வினை அது.

யுத்தம் முடிந்து, 1946 ஜூன் 7-ந் தேதி அலெக்ஸாண்ட்ரா மாளிகை மறுபடியும் பேசத் தொடங்கிற்று. அடுத்த வருஷமே சூரியனுக்கு மறுபடியும் உச்சம். இந்தத் தடவை கம்பெனி எஞ்ஜினியர்கள் மட்டுமல்ல. வீட்டு மாடியிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் சொந்தமாகக் கருவி கட்டிக்கொண்ட அமெச்சூர்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு 50 மெகாஸைக்கிளில் பேச ஆசை. ஆகாயம் அவ்வளவு உயரம் திறந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? லண்டன் ஓசை 41.5-ல் கேட்கிறதா என்று பார். கேட்டால் படத்தின் அலை 45-ல் உறுமுகிறதா என்று பார். உறுமினால் உடனே 50-க்கு ஓடு! இதுவே அவர்கள் கையாண்ட படிக்கட்டு. 1946 நவம்பர் 24-ந் தேதி, 50 மெகாஸைக்கிள் அலையில் அட்லாண்டிக்கைத் தாண்டி இரு கரை அமெச்சூர்களும் முதல் தடவையாக விடை பெற்றுக்கொண்டார்கள். பிறகு 1957, 58-ல் வந்த உச்சம், கணக்கு வைத்த காலம் முதல் கண்ட உச்சங்களுக்கெல்லாம் தலையானது. அப்பொழுது லண்டன் டெலிவிஷனுடைய ஓசை தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்டது. 

ஸ்கானர் என்ற பெட்டி சாமானியர் கைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. போலீஸ், தீயணைப்பு, ஆகாய விமானம் ஆகியவற்றின் பேச்சைக் கேட்பதற்காக அது பிறந்தது. முதலில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு ஸ்படிகத் துண்டை வாங்கிச் செருக வேண்டியிருந்தது. பிறகு எண்களை விசைகளால் தட்டிப் பதிவு செய்யும் மாதிரிகள் வந்தன. பதிந்து வைத்த அலைகளை அது ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகும்; எங்கே குரல் அகப்படுகிறதோ அங்கே நிற்கும். நாள் முழுவதும் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டிய வேலையை வேலைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, எஜமான் காப்பி சாப்பிடப் போனாற்போல. டெலிவிஷன் ஓசைகளின் விலாசங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. மேற்கு ஐரோப்பாவின் முதல் அலைவரிசைக்கு 53.75, ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் 56.25, ஆஸ்திரேலியாவுக்கு 51.75, நியூஜிலாந்துக்கு 50.75, அமெரிக்காவின் இரண்டாவது அலைவரிசைக்கு 59.75. இவற்றைப் பதிந்து வைத்தால் உலகப் படத்தையே பெட்டிக்குள் வைத்தாற்போல் ஆயிற்று.

ஆனாலும் சூட்சுமங்கள் உண்டு. லண்டன் ஓசை பழைய ஏ.எம். முறை, மற்றவை பெரும்பாலும் எப்.எம். முறை. அந்த எப்.எம்.மிலும் போலீஸாருடைய பேச்சுக்கு ஏற்ற குறுகிய கதவு வேறு. அதைப் போலப் பத்து மடங்கு அகலமாக ஆடும் ஐரோப்பிய டெலிவிஷன் ஓசைக்கு ஏற்ற கதவு வேறு. குறுகிய கதவில் வைத்துவிட்டு, "அயல்நாட்டுக்காரன் தொண்டை கட்டியிருக்கிறதே!" என்று ஏமாந்தவர்கள் உண்டு. லண்டனைத் தவிர, நாம் மேலே சொன்ன நாடுகளிலெல்லாம் ஓசை படத்துக்கு மேலே இருக்கிறது. ஆகையால் அங்கே வரிசை தலைகீழ். ஆகாயம் திறக்கும்போது முதலில் கேட்பது பேச்சல்ல. படத்தின் அலை எழுப்பும் ஒரு கரகரப்பான ரீங்காரம். ஆஸ்திரேலியா என்றால் 46.25-ல் அந்த ரீங்காரம் எழும்பும். அது வலுக்கும், பிறகு ஐந்தரை மெகாஸைக்கிளுக்கு மேலே, வெறும் இரைச்சலாயிருந்த 51.75-ல், சருகுகளுக்குள்ளிருந்து பேசுகிறாற்போல் ஒரு மனிதன் வானிலை அறிவிப்பான். சில சமயம் ரீங்காரம் மணிக்கணக்காக நிற்கும்; பேச்சு வராமலே ஆகாயம் மூடிக்கொள்ளும். அந்த ஏமாற்றத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவர்களுடைய கடமை. அன்று வரம்பு 46-க்கும் 52-க்கும் நடுவே நின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாக்ஷி ஏது?

உச்ச வருஷங்களுக்காக 11 வருஷம் காத்திருக்க முடியாதவர்களுக்கு இயற்கை வேறு ஒரு சலுகையும் கொடுத்திருக்கிறது. கீழே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள 'ஈ' அடுக்கில், வட தேசங்களில் மே முதல் ஆகஸ்டு வரையில், திடீர் திடீரென்று மேகக் கீற்றுகளைப் போல் மெல்லிய மின்சாரத் திட்டுகள் தோன்றுகின்றன. எரிந்து விழும் விண்கற்களிலிருந்து உதிர்ந்த இரும்பு முதலிய உலோக அணுக்களை, எதிரெதிராக வீசும் மேற்காற்றுகள் ஒரே தாளாகத் திரட்டிவிடுகின்றன என்பது விஞ்ஞானிகள் சொல்லும் காரணம். அந்தத் தாள் தலைக்கு நேரான இடத்தில் அல்ல, நடுவழியில் எங்கேயோ இருக்கும். அதில் பட்டு 1,000 மைலுக்கு அப்பாலுள்ள நிலையம், உள்ளூர் நிலையத்தைப் போல் கணீரென்று வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஓர் ஆங்கிலேயர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஸ்பெயின் தேசத்துக் கால்பந்துப் பந்தயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்; கோல் விழுந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் ருஷ்யப் பாட்டு வந்துவிடும்!

கேட்டதை உலகம் நம்ப வேண்டுமே! அதற்காகத் தேதி, மணி, கேட்ட வாக்கியம், விளம்பரம், சங்கீதம் எல்லாவற்றையும் எழுதி அந்த நிலையத்துக்கே கடிதம் போடுவார்கள். "ஆம், அன்று அந்த நேரத்தில் அதைத்தான் அனுப்பினோம்" என்று அட்டை வந்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். இந்த விஷயத்தில் காது வேட்டைக்காரர்கள் கண்காரர்களைவிட யோக்கியர்கள் என்று தோன்றுகிறது. 1953-ல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து 'கே.எல்.இ.இ.' நிலையத்தின் பெயர் அட்டை இங்கிலாந்தில் திரையில் தெரிந்ததாக ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. விசாரித்தால், அந்த நிலையம் 1950-லேயே அந்தப் பெயரை விட்டுவிட்டிருந்தது. மூன்று வருஷம் ஆகாயத்தில் அலைந்துவிட்டு வந்த பேய் அலை என்று பலர் மயிர்க்கூச்செறிந்தார்கள். கடைசியில் அது சுத்த மோசடி என்று வெளியாயிற்று. அட்டையைத் தயாரிப்பது சுலபம். முழு வாக்கியத்தைத் தேதியோடும் மணியோடும் தயாரிப்பது அவ்வளவு சுலபமல்ல.

இனி நம்முடைய தேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆராய்ச்சிக்கு இந்தியாவைப் போல் ஏற்ற இடம் உலகத்தில் மிகச் சிலவே. பூமியின் காந்த மத்திய ரேகை நமது தென்கோடியை ஒட்டிச் செல்லுகிறது. அதற்கு மேலே 'ஈ' அடுக்கின் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்சார ஆறே ஓடுகிறது. அதை அளப்பதற்காகத்தான் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற செம்படவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட்டை விட்டார்கள். அந்த ரேகைக்கு வடக்கேயும் தெற்கேயும் சம தூரத்திலுள்ள ஊர்களுக்குள், சாயங்கால வேளையில், கணக்குக்கு அடங்காத உயர்ந்த அலைகள்கூட எட்டிவிடும் என்பதை 1947-ஐ ஒட்டி உலகுக்குக் காட்டியவர்கள் அமெச்சூர்களே. கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா 1930-ஐ ஒட்டி 'ஈ' அடுக்கை நமது ஆகாயத்தில் பரிசோதனையால் கண்டார். மேல் வாயுமண்டலத்தைப் பற்றி 1947-ல் அவர் வெளியிட்ட பெரிய நூல் உலகெங்கும் பாடப் புத்தகமாயிற்று. இத்தனை இருந்தும், வீட்டு மாடியில் உட்கார்ந்து கேட்டுக் குறிக்கும் கூட்டம் இங்கே பெருகவில்லை. ஏன்? 1933-ஆம் வருஷத்தில் அந்நிய சர்க்கார் இயற்றிய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வாங்கு கருவியை வைத்திருப்பதே குற்றம். சுயராஜ்யம் வந்த பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே தபாலாபீஸில் வருஷந்தோறும் பணம் கட்டிப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு வந்தது நம்மில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980-களில்தான் அது தொலைந்தது. பேசுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றால் நியாயம் உண்டு. கேட்கிறவனுக்கும் லைசென்ஸா? ஆகாயம் நம்முடையதாயிருந்தும், காது மட்டும் சர்க்காருடையதாயிருந்தது.

ஆனால் நம் ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1982 பிப்ரவரி 15-ந் தேதி இலங்கையில் ரூபவாஹினி டெலிவிஷன் தொடங்கிற்று. அந்தத் தீவின் மலைகளுக்கெல்லாம் உயர்ந்த, 8,281 அடி உயரமுள்ள பீதுருதலாகல மலையின்மேல் அதன் ஸ்தம்பம். சென்னை டெலிவிஷன் எட்டாத தென் ஜில்லாக் கரைகளில், மொட்டை மாடிகளிலும் ஓட்டுக் கூரைகளிலும் நீண்ட இரும்புக் குழாய்கள் எழும்பி, அவற்றின் உச்சியில் ஏரியல்கள் எல்லாம் தெற்கு நோக்கித் தவம் செய்ததை நாம் கண்டிருக்கிறோம். கடலின்மேல் ஈரக் காற்றும், அதன்மேல் சூடான உலர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும் மாலைகளில், அலை கீழே வளைந்து கடலை ஒட்டியே வந்துவிடும். அடுக்குக் கலைந்தால் படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். "குழாயைத் திருப்பு!" என்று கூடத்திலிருந்து ஒருவர் கூவ, மாடியில் ஒரு பையன் திருப்பிக்கொண்டிருப்பான். அந்த நேரத்திலும், மணலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். குழந்தைகள் சலித்துக்கொண்டு எழுந்து போவார்கள். பாட்டி மட்டும் உட்கார்ந்து கேட்பாள்.

இவ்வளவும் இப்பொழுது பழங்கதை. லண்டனுடைய 405 கோட்டு முறை 1985 ஜனவரியில் முடிந்தது, 41.5-ம் அதோடு மௌனமாயிற்று. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ந் தேதி பழைய முறையை விட்டன. ஆஸ்திரேலியாவும் நியூஜிலாந்தும் 2013 டிசம்பரில் விட்டன. நமது தூர்தர்ஷனும் 2022-க்குள் பழைய நிலையங்களைப் பெரும்பாலும் மூடிவிட்டது. டிஜிட்டல் முறை வந்த நாடுகளில் நிலையங்கள் பெரும்பாலும் மேலே, இன்னும் உயர்ந்த அலைகளுக்குக் குடியேறிவிட்டன. அங்கே 'எப்' அடுக்கின் கை எட்டாது. எட்டினாலும் பயனில்லை. டிஜிட்டல் ஓசைக்குப் பாதி வருகை என்பது கிடையாது. வந்தால் முழுவதும் வரும். இரைச்சல் ஒரு வரம்பைத் தாண்டினால் ஒன்றுமே வராது. மணலுக்குள்ளிருந்து பேசும் குரலுக்கு அதிலே இடமில்லை.

சூரியன் தன் வேலையை நிறுத்தவில்லை. 2024-ல் மறுபடியும் ஓர் உச்சம் வந்தது; அதற்கு முந்தின உச்சத்தைவிட வலுவானது. ஸ்கானர்களும் இருக்கின்றன, முன்னைவிடச் சிறியவை, முன்னைவிடக் கூர்மையான காதுள்ளவை. பழைய குரல்களுக்குப் பதிலாக அமெச்சூர்கள் தாங்களே 50 மெகாஹெர்ட்ஸில் சிறு சிறு அடையாள நிலையங்களை நட்டிருக்கிறார்கள். அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய சில தேசங்களில், லண்டன் ஓசை இருந்த இடத்துக்கு அருகே, 40 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆகாயம் திறந்திருக்கிறதா என்பதை அறிய அவை போதும். அவற்றில் அறிவிப்பாளப் பெண்மணி இல்லை, நாடகம் இல்லை, கால்பந்து இல்லை. தன் பெயரை மோர்ஸ் எழுத்தில் தட்டிவிட்டு, சற்று நீண்ட ஒரு விசில் கொடுத்துவிட்டு, மறுபடியும் தன் பெயரைத் தட்டுகிறது.